சிப்பியும் காளானும்: அழற்சியை அளப்பது எப்படி?

காலில் ஒரு முள் தைக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு விளையாடப் போய்விடுகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் முள் தைத்த இடம் சிவந்திருக்கிறது, சற்றே வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய இந்த நான்கு அறிகுறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நாட்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் தம் மருத்துவ நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். இவை சேர்ந்து வருவதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள்.

இந்த அழற்சியைத் தணிக்கும் ஆற்றல், மருந்துக் காளான்களைக் கொண்டு நொதிக்க வைத்த சிப்பி இறைச்சிக்கு உண்டா என்று கொரியா முதலிய நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். ‘ஆய்வுக்கூடத்தில் அழற்சி குறைந்தது’ என்ற செய்தியை நாமும் அவ்வப்போது படிக்கிறோம். குறைந்தது என்றால் எது குறைந்தது? யார் உடம்பில்? எதைக் கொண்டு அளந்தார்கள்? நான் இயற்பியல் கற்பிப்பவன். சிப்பிக்கும் காளானுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள், கட்டுரையின் நடுவில் ஓர் ஒளிக்கதிர் வரப்போகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அழற்சி என்பது ஒரு நோயன்று. அது உடலின் காவல் வேலை. இதை அழகாகக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் அவர் தங்கியிருந்தார். கடல் நட்சத்திர மீனின் இளம்பருவ உயிர் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதன் உடலில் தோட்டத்து ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் கூட்டமாக வந்து அந்த முள்ளைச் சூழ்ந்திருந்தன! நம் உடலிலும் இப்படிப்பட்ட விழுங்கு செல்கள் உண்டு. புகுந்த கிருமியை விழுங்குவதும், வேதிப்பொருள்களைச் சுரந்து மற்றக் காவலர்களைக் கூவி அழைப்பதும் இவற்றின் தொழில். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

முள் போனபின் காவலர்களும் கலைந்துபோக வேண்டும். கலையாமல் மாதக்கணக்கில் ஓரிடத்திலேயே முகாமிட்டால்தான் தொல்லை. முடக்குவாதத்தில் நடப்பது இதுதான்; காவலரே மூட்டைத் தின்னத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலேயே பாட்டியோ தாத்தாவோ காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் வருந்துவதைப் பார்த்திருக்கலாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கின்றன. அவை எப்படிக் குறைக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி விளக்கினார். புரோஸ்டாகிளான்டின் என்னும் வலிதூண்டும் பொருள் உடலில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. ஆனால் இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளான்டின் வகைதான். எனவே மூட்டு ஆறும்போது வயிறு புண்ணாகிறது. வயிற்றைக் கெடுக்காமல் அழற்சியைத் தணிக்கும் பொருள் கடலிலோ காட்டிலோ கிடைக்காதா என்று தேடுவது இதனால்தான்.

கடலும் காடும்

நியூசிலாந்துக் கரையில், ஓட்டின் விளிம்பு பச்சை நிறமாக உள்ள ஒரு வகைச் சிப்பி வளர்கிறது. அதன் பொடி 1970களில் மூட்டுவலிக்கென்று விற்பனைக்கு வந்தது. அதில் ஒமேகா–3 வகைக் கொழுப்பு அமிலங்கள் உள்ளன. புரோஸ்டாகிளான்டின் செய்யும் நொதியிடம் இவை போட்டிக்கு வந்து நின்று, வழக்கமான மூலப்பொருளுக்கு இடம் கிடைக்காதபடி செய்கின்றன. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிப்பியின் நெருங்கிய உறவினம் நம் கன்னியாகுமரி, கேரளக் கரைகளின் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மூட்டுவலிக்கான ஒரு சத்துக் குளிகையை உருவாக்கியுள்ளது. அதில் காளான் ஏதும் சேரவில்லை. சிப்பிச் சாறு மட்டுமே.

காட்டின் பக்கம் வருவோம். கார்டிசெப்ஸ் என்ற காளான் இனத்தின் பல வகைகள் பூச்சியின் புழுவையோ கூட்டுப்புழுவையோ பற்றிக்கொண்டு, அதன் உடலைத் தின்று, அதன்மேலேயே முளைக்கின்றன. இமயமலைச் சரிவுகளில் சேகரித்துப் பெரும் விலைக்கு விற்கும் ‘கீடா ஜடி’யும் இதன் உறவே. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்னும் செம்மஞ்சள் நிறக் காளான். 1950இல் இதிலிருந்து கார்டிசெபின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் செல்களில் உள்ள அடினோசின் மூலக்கூறிலிருந்து ஒரே ஒரு ஆக்சிஜன் அணுவை எடுத்துவிட்டால் கார்டிசெபின்! செல் ஏமாந்து இதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. அதன் வேலை பாதியில் நிற்கிறது. அழற்சிப் பொருள்களின் உற்பத்தியும் அப்படி நின்றுபோவதுண்டு.

இந்தக் காளானுக்குப் புழுவுக்குப் பதிலாகச் சிப்பி இறைச்சியைக் கொடுத்தால் என்ன? இதுதான் கொரிய ஆய்வாளர்களின் யோசனை. அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று அபலோன். அது ஒற்றை ஓட்டை முதுகில் சுமந்து பாறையில் ஒட்டியிருக்கும் கடல் நத்தை. கொரியாவில் அதற்குப் பெருமதிப்பு. உடல் தேற அதைக் கஞ்சியாக்கிக் கொடுப்பார்கள்.

50 கிலோமீட்டர் நூல்

இறைச்சியை வேகவைத்து அரைத்து, வேண்டுமானால் தானியத்துடன் கலந்து, குடுவையில் அடைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குகிறார்கள். வெப்பநிலை 121 டிகிரி செல்சியஸ். இது உங்கள் வீட்டுச் சமையலறையில் பிரஷர் குக்கர் ‘விசில்’ அடிக்கும்போது உள்ள வெப்பநிலைதான், ஏறக்குறைய. ஆறியபின் காளானின் இழைகளைச் சிறிது விதைத்து, சுமார் 25 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். குடை போன்ற காளான் இங்கே முளைக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பஞ்சுபோல இழைவலை பரவினால் போதும்.

இந்த இழைகளைப் பற்றி ஒரு கணக்குப் போடாமல் என்னால் மேலே போக முடியாது. ஓர் இழையின் விட்டம் 5 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். மொத்தம் ஒரு கன சென்டிமீட்டர் இழை இருக்கிறது. அதை ஒரே நூலாக நீட்டினால் எவ்வளவு நீளம்? பருமனை குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் அருகே போய்விடலாம்! அதன் புறப்பரப்பு சுமார் 8,000 சதுர சென்டிமீட்டர். அதே பருமனுள்ள கனசதுரத்தின் புறப்பரப்போ வெறும் 6 சதுர சென்டிமீட்டர். காளானுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய பரப்பு அதற்கு ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இந்த நொதிகள் சிப்பியின் நீண்ட புரதச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. துண்டுகளுக்குப் பெப்டைடுகள் என்று பெயர். சில பெப்டைடுகள் முழுப் புரதத்துக்கு இல்லாத செயல்களைச் செய்யக்கூடும். காளான் தன் சொந்தச் சரக்கான சர்க்கரைத் தொடர்களையும் கார்டிசெபினையும் கலவையில் சேர்க்கிறது. பிறகு உலர்த்தி, வெந்நீரிலோ ஆல்ககாலிலோ சாறு இறக்கி, மறுபடி பொடியாக்குகிறார்கள். சோதனைக்குப் பொருள் தயார்.

தட்டில் ஓர் அழற்சி

மனிதருக்குக் கொடுக்குமுன், கண்ணாடித் தட்டில் செயற்கையாக ஓர் அழற்சியை மூட்டுகிறார்கள். இதற்கென்றே உலகெங்கும் பயன்படும் ஒரு செல் வகை ‘ரா 264.7’. சுண்டெலி ஒன்றின் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்ட விழுங்கு செல் இது. 1970களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகிறது. சில பாக்டீரியாக்களின் வெளித்தோலில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளைச் சிறிதளவு அதன்மேல் விடுகிறார்கள். உண்மையில் பாக்டீரியா இல்லை. அதன் சட்டை மட்டும்தான். ஆனால் செல்லோ பகைவன் வந்துவிட்டான் என்று எண்ணிக்கொள்கிறது. செல்லுக்குள் கட்டிப்போடப்பட்டிருக்கும் ‘என்.எஃப். கப்பா–பி’ என்ற புரதம் கட்டவிழ்ந்து, உட்கருவுக்குள் ஓடி, அழற்சிக்கான மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. இந்தப் புரதத்தை 1986இல் கண்டறிந்து சொன்னவர்கள் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவர்.

அப்போது செல் சுரப்பவற்றுள் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு வாயு. மிகச் சிறிய அளவில் இது இரத்தக் குழாயை விரியச் செய்யும் தூதுவன். அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. விழுங்கு செல் சுரப்பதோ பெருமளவில், கிருமியைக் கொல்வதற்காக. இந்த வாயு விரைவில் நைட்ரைட்டாக மாறிக் கரைசலில் தங்கிவிடும். நைட்ரைட்டை அளந்தால் அழற்சியை அளந்ததாகும் என்பது இந்தச் சோதனையின் கருத்து.

எப்படி அளப்பது? 1879இல் பீட்டர் கிரீஸ் என்ற வேதியியலார் சொன்ன வழி இன்றும் நடைமுறையில் உள்ளது. அவர் இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்தவர். நொதித்தல் நம்மை விடாமல் தொடர்கிறது பாருங்கள்! நைட்ரைட் உள்ள நீரில் இரண்டு வினைப்பொருள்களைச் சேர்த்தால் அழகிய இளஞ்சிவப்புச் சாயம் உண்டாகும். நைட்ரைட் அதிகமானால் நிறமும் அடர்த்தியாகும்.

நான் சொன்ன ஒளிக்கதிர் இங்கேதான் வருகிறது. இளஞ்சிவப்புச் சாயம் பச்சை ஒளியை விழுங்குகிறது. எனவே 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைக் கரைசல் வழியே செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு படலம் பாதி ஒளியை விடும் என்றால், அதேபோன்ற இரண்டு படலங்கள் கால் பங்கையும், மூன்று படலங்கள் அரைக்கால் பங்கையும் விடும். இதனால் ஒளியின் அளவு செறிவுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதன் மடக்கைதான் நேர்விகிதத்தில் மாறுகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒளி வந்தால் உட்கவர் எண் 1. ஒரு பங்கு வந்தால் 2. லாம்பர்ட், பீர் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி இது. (இந்தப் பீர் ஒரு ஜெர்மானிய இயற்பியலாரின் பெயர், ஆலைப் பானத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை!)

ஓர் எடுத்துக்காட்டு. அழற்சி மூட்டிய கிண்ணத்தின் கரைசலில் ஒளி 32 விழுக்காடு வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். உட்கவர் எண் ஏறத்தாழ 0.5. சிப்பிக் காளான் சாறும் சேர்த்த கிண்ணத்தில் 56 விழுக்காடு வெளிவருகிறது. உட்கவர் எண் 0.25. ஒளி இரண்டு மடங்காகவில்லை. ஆனாலும் நைட்ரைட் சரிபாதியாகிவிட்டது. ‘அழற்சி பாதியாகக் குறைந்தது’ என்ற தலைப்புச் செய்தி இப்படிப்பட்ட ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

நிறம் குறைந்தால் போதுமா?

ஒரு கொலைகாரக் கேள்வி கேட்கிறேன். சாறு விஷமாக இருந்து செல்களைக் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு சுரக்காது. நிறம் தோன்றாது. அளவியில் ‘அருமையான மருந்து’ என்றே தெரியும்! இதனால் உயிருள்ள செல்களைத் தனியே எண்ணியாக வேண்டும். உயிருள்ள செல்லில் மட்டும் ஊதாவாக மாறும் மஞ்சள் நிறப்பொருள் ஒன்றை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டாவது சோதனை இல்லாத முடிவை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

சாற்றுக்கே ஒரு நிறம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். செம்மஞ்சள் காளானின் சாறு தானும் சிறிது ஒளியை விழுங்கும். சாறு மட்டும் உள்ள கிண்ணத்தின் அளவைக் கழித்துவிட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி வேறு. பலன் எதனால் வந்தது? சிப்பியாலா, காளானாலா, நொதித்ததாலா? கார்டிசெபின் தனியாகவே இந்தச் சோதனையில் வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே நொதித்த சிப்பி, நொதிக்காத சிப்பி, சிப்பியே இல்லாமல் தானியத்தில் வளர்ந்த காளான் என மூன்று குடுவைகளையும் ஒரே அளவில் ஒப்பிட வேண்டும். இரண்டையும் தனித்தனியே வளர்த்து, கடைசியில் கலந்த நான்காவது குடுவை ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. முதல் குடுவை மற்றவற்றை வென்றால்தான் நொதித்தலுக்குப் பாராட்டு. இல்லையென்றால் விலை உயர்ந்த அபலோனைக் காளானுக்குத் தீனியாகப் போட்டதுதான் மிச்சம்!

சிப்பிக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. இரட்டை ஓட்டுச் சிப்பிகள் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேலான கடல்நீரை வடிகட்டித் தம் உணவைத் தேடுகின்றன. நீரில் உள்ள பாக்டீரியாவும், காட்மியம் போன்ற உலோகங்களும் அவற்றின் உடலில் சேர்கின்றன. பாக்டீரியாவின் சட்டைப்பொருள் சாற்றில் கலந்திருந்தால் அதுவே சோதனைச் செல்களைத் தூண்டிக் கணக்கைக் குழப்பும். உலோகத்தையோ எந்தக் காளானும் செரித்து இல்லாமற் செய்துவிடாது. உலோகம் அணு, புரதமன்று.

தட்டிலிருந்து மூட்டுக்கு

தட்டில் வெற்றி என்றே வைத்துக்கொள்வோம். இத்தகைய சோதனைகளில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு என்பது வழக்கமாகக் காணும் அளவு. ஒரு மனிதரின் இரத்தம் சுமார் 5 லிட்டர், அதாவது 5,000 மில்லிலிட்டர். அதே செறிவு இரத்தத்தில் வேண்டுமானால் 500 மில்லிகிராம் சாறு உள்ளே சேர வேண்டும். விழுங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குடலைத் தாண்டுகிறது என்று கொண்டால், ஒரு வேளைக்கு 10 கிராம் விழுங்க வேண்டும்! அரை கிராம் குளிகை என்றால் இருபது குளிகைகள். உள்ளே போன பொருள் இரத்தத்தை விட்டு எங்கும் வெளியேறாமல் தங்கும் என்று நமக்குச் சாதகமாகவே கணக்கிட்டும் இந்த நிலை. இரைப்பையின் நொதிகள் பெப்டைடுகளை மேலும் வெட்டுவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தட்டில் உள்ள செல்லுக்கும் சாற்றுக்கும் இடையே குடல் இல்லை, கல்லீரல் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

இன்னொன்று. சுண்டெலியின் விழுங்கு செல் நைட்ரிக் ஆக்சைடை வாரி இறைக்கும். மனித விழுங்கு செல்லைத் தட்டில் வைத்து அதேபோல் தூண்டினால் மிகக் குறைவாகவே சுரக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் எலியின் மொழி. அது மனித உடலுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று எடுத்த எடுப்பில் சொல்ல இயலாது. இதனால்தான் நல்ல ஆய்வுகளில் நைட்ரைட்டுடன் நில்லாமல் வேறு அழற்சிப் பொருள்களையும் அளக்கிறார்கள். பிறகு விலங்குகளிலும், பின்னர் மனிதரிலும் சோதிக்கிறார்கள்.

மனிதரில் சோதிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த நியூசிலாந்துச் சிப்பியே சாட்சி. மூட்டுவலி தானாகவே ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் குளிகை வாங்குகிறார். இரண்டு வாரத்தில் வலி தானாகத் தணிகிறது. பெயர் குளிகைக்குப் போகிறது. இதைத் தவிர்க்க, பாதிப் பேருக்கு உண்மைக் குளிகையும் பாதிப் பேருக்கு அதேபோன்ற வெற்றுக் குளிகையும் கொடுத்து, யாருக்கு எது என்பதை நோயாளியிடமும் மருத்துவரிடமும் மறைத்து வைக்கிறார்கள். 1980களிலேயே இப்படிப்பட்ட சோதனைகள் நடந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது. சிலவற்றில் வெற்றுக் குளிகைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சிப்பி மட்டும் உள்ள பொடிக்கே நிலைமை இது என்றால், காளானும் சேர்ந்த கலவை, ஒவ்வொரு குடுவைக்கும் சற்றே மாறக்கூடியது, இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே, இப்படியொரு பொடியின் விளம்பரத்தைப் பார்த்து யாரும் மருத்துவர் எழுதிக் கொடுத்த முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய மாதங்களில் தேய்ந்த மூட்டு திரும்ப வளர்வதில்லை. சிப்பி, இறால் வகைகள் ஒவ்வாமல் தடித்துப்போகும் உடல்வாகு சிலருக்கு உண்டு. அந்த ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியப் புரதம் வேகவைத்தாலும் எளிதில் அழியாதது. காளான் அதை முழுவதும் செரித்திருக்கும் என்று நம்பி அவர்கள் வாயில் போட்டுக்கொள்வது ஆபத்து.

செய்து பாருங்கள்

கிரீஸ் சோதனையின் இளஞ்சிவப்பைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தேட வேண்டியதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நீர்த்த கரைசல் ஏறக்குறைய அதே பச்சைப் பகுதி ஒளியைத்தான் விழுங்குகிறது. ஒரே அளவுள்ள ஐந்து சோதனைக் குழாய்களில் 1, 2, 3, 4, 5 துளிகள் விட்டு, எல்லாவற்றிலும் ஒரே மட்டத்துக்கு நீர் ஊற்றுங்கள். ஒரு டார்ச் விளக்கின் முகத்தில் பச்சைக் கண்ணாடித் தாளைக் கட்டி, குழாயின் ஒரு பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சுங்கள். மறுபக்கம் சிறிய சூரிய மின்கலம் ஒன்றை வைத்து, மல்டிமீட்டரில் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். வெறும் நீருக்கான அளவால் ஒவ்வோர் அளவையும் வகுத்து, மடக்கை எடுத்து, துளிகளின் எண்ணிக்கைக்கு எதிராக வரைபடம் போடுங்கள். ஏறத்தாழ நேர்கோடு வர வேண்டும்.

அடுத்து பச்சைத் தாளை எடுத்துவிட்டுச் சிவப்புத் தாளைக் கட்டி அதே ஐந்து குழாய்களையும் மறுபடி அளந்து பாருங்கள். கோடு ஏன் படுத்துவிடுகிறது என்று நீங்களே காரணம் எழுதுங்கள்.